சூழமைவைக் காத்தலும் மீட்டலும்: கணனியின் பாதுகாப்பு நிலைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாறு என்றதும் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப் பட்டியலையும் பொறிகளின் பிறப்பாண்டுகளையும் எதிர்பார்க்க நாம் பழக்கப்பட்டுள்ளோம். நெடுங்காலம் இலக்கிய வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டது. புலவர் பெயர், நூற்பெயர், காலம் என்ற வரிசை வரலாறாகக் கொள்ளப்பட்டது. அவ்வரிசையை விட்டு, இன்ன வடிவம் இன்ன காலத்தில் ஏன் தோன்றியது, அது யாருடைய தேவையை நிறைவேற்றியது என்று வினவத் தொடங்கியபோதே இலக்கிய வரலாறு சமூக விஞ்ஞானத்தின் பாற்பட்டதாயிற்று. கணனியின் வரலாற்றையும் இந்நோக்கில் அணுகவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே எமது கருத்து.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது கணனியின் உள்ளே, சாதாரணப் பயனாளரின் கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில் நிகழும் ஒரு சிறிய செயலையே. ஒரு நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும் முறைவழியாக்கி வேறொரு நிலைக்கு மாறும்போது, முன்னைய நிலையில் தன்னிடமிருந்தவற்றை ஓரிடத்திற் சேமித்து வைத்து, திரும்பும்போது அவற்றை ஒன்றும் குறையாமல் மீட்டுக்கொள்ளவேண்டியுள்ளது. இவ்வாறு சேமிக்கப்படுவது எது? எண்களைத் தற்காலிகமாக ஏந்தும் பதிவகங்கள், அடுத்து நிறைவேற்றவேண்டிய அறிவுறுத்தல் எங்குள்ளது எனக் காட்டும் செய்நிரல் எண்ணி, அதிகார நிலையைக் குறிக்கும் நிலைமைச் சொல், நினைவகத்தைப் பார்க்கும் முறையைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் ஆகியவற்றின் தொகுதியே அது. இத்தொகுதியை நாம் ‘சூழமைவு’ எனக் குறிப்பிடுவோம். சூழமைவை இழந்த பாடல் பிழையாகப் பொருள்கொள்ளப்படுவதை இலக்கிய மாணவர் அறிவர். சூழமைவை இழந்த செய்நிரலோ பிழையாக இயங்கும். அல்லது பிறருடைய இரகசியத்தைத் தன்னையறியாமலே வெளியிட்டுவிடும்.

இச்செயலின் வரலாற்றை ஆராயும்போது மூன்று வினாக்களை முன்வைக்க விரும்புகிறோம். சூழமைவைச் சேமிப்பவர் யார்? எங்கே சேமிக்கப்படுகிறது? அவ்விடத்தைப் பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? இவற்றுக்கான விடைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. அம்மாற்றங்கள் பொறியியலாரின் அறிவு வளர்ச்சியால் மாத்திரம் விளைந்தவையல்ல. பொறியைப் பயன்படுத்தும் மனிதரிடையேயான உறவுகள் மாறியமையும் அவற்றுக்குக் காரணமாகும்.

1

முதற்கணனிகளில் இப்பிரச்சினை எழவில்லை. ஒரு நேரத்தில் ஒரு செய்நிரல், ஒரு பயனாளர் என்பதே நியதியாயிருந்தது. கணிப்பு முடியும்வரை பொறி அவர் வசமிருந்தது. ஆனால் இந்நியதிக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருந்தது. கணிக்கும் பகுதி மின்னணு வேகத்தில் இயங்கியது; துளையட்டையைப் படிக்கும் பகுதியும் தாளில் அச்சிடும் பகுதியும் இயந்திர அசைவின் வேகத்தில் இயங்கின. விலைமிக்க பகுதி, மலிவான பகுதி தன் வேலையை முடிக்கும்வரை காத்துக்கிடந்தது.

மூலதனம் சும்மா கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் உடைமையாளனுக்கு நட்டமாகத் தோன்றுவதை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில், இரவு வேலையையும் மாற்றுத் தொழிலாளர் முறையையும் ஆராயுமிடத்து விளக்கியுள்ளார். இரவில் நின்றுகிடக்கும் உலையும் தறியும் எவ்வாறு தொழிலாளரை முறைவைத்து மாற்றும் ஏற்பாட்டைத் தோற்றுவித்தனவோ, அவ்வாறே காத்துக்கிடக்கும் கணிப்பு அலகு ‘குறுக்கீடு’ என்ற ஏற்பாட்டைத் தோற்றுவித்தது எனலாம். அச்சுப்பொறி வேலையை முடித்ததும் சைகை தரும்; அதுவரை கணிப்பு அலகு வேறு வேலையைச் செய்துகொண்டிருக்கும்; சைகை வந்ததும் அவ்வேலையை இடையில் நிறுத்தி அச்சுப்பொறியைக் கவனித்துவிட்டு மீளும். ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் தவறு. தொழிலாளி களைப்படைபவன், பதிவகம் களைப்படைவதில்லை. எனினும் இரண்டு ஏற்பாடுகளையும் உந்திய பொருளாதாரத் தேவை ஒன்றே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகம் 1954இல் உருவாக்கிய டைசியாக் என்ற பொறி, உள்ளீட்டு வெளியீட்டுக் குறுக்கீட்டைக் கொண்ட முதற்பொறியாகக் கருதப்படுகிறது. அதில் இரண்டு செய்நிரல் எண்ணிகள் இருந்தன. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுவதன் மூலம், சென்ற வழியை மறவாதிருக்க அப்பொறியால் முடிந்தது. ஒல்லாந்திலே எலெக்ரோலொஜிக்கா எக்ஸ்-1 என்ற பொறிக்குக் குறுக்கீட்டைக் கையாளும் செய்நிரலை எழுதிய எட்ஸ்கர் டைக்ஸ்ரா, அவ்வனுபவத்தையே தமது கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருளாகக் கொண்டார். அவ்வாய்வு 1959இல் நிறைவுற்றது. குறுக்கீடு எக்கணத்தில் வரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆதலால் எக்கணத்தில் வந்தாலும், குறுக்கிடப்பட்ட செய்நிரல் தான் குறுக்கிடப்பட்டதை உணராதவாறு அதன் சூழமைவு முழுமையாக மீட்கப்படவேண்டும். ஒரேயொரு பதிவகம் விடுபட்டாலும் பிழை தோன்றும். அப்பிழையோ மறுமுறை அதே வடிவில் தோன்றாது. சோதித்துப் பார்த்து நம்பிக்கை கொள்ளும் வழி இங்கு அடைபட்டுவிடுகின்றது. தருக்கரீதியான நிறுவல் இன்றியமையாததாகின்றது. பிற்காலத்தில் டைக்ஸ்ரா வலியுறுத்திய தருக்க ஒழுங்கின் வேர்களுள் ஒன்றை இவ்வனுபவத்திற் காணலாம்.

இக்கட்டத்தில் எமது மூன்றாவது வினாவுக்கு இடமில்லை என்பது கவனிக்கற்பாலது. குறுக்கிட்டவரும் குறுக்கிடப்பட்டவரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தனர். சூழமைவைக் காப்பது சரிநுட்பம் பற்றிய பிரச்சினையாயிருந்ததேயன்றி அதிகாரம் பற்றிய பிரச்சினையாயிருக்கவில்லை.

2

1960களில் நிலைமை மாறியது. பல்கலைக்கழகங்களும் பெரு நிறுவனங்களும் ஒரே பொறியைப் பலருக்குப் பங்கிட முற்பட்டன. மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் கொர்பற்றோ தலைமையிலான குழு 1961 நவம்பரில் நேரப் பகிர்வு முறைமையைச் செயன்முறையிற் காட்டியது. இம்முறைமை பின்னர் இயங்கிய பொறியில், மேற்பார்வைச் செய்நிரலுக்கு ஒரு நினைவகத் தொகுதியும் பயனாளருக்கு வேறொரு தொகுதியும் ஒதுக்கப்பட்டன. ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே பொறியில் முறைவைத்து வேலைசெய்யும்போது, ஒருவருடைய பிழை மற்றவரைத் தாக்காதிருக்க ஒரு நடுவர் தேவைப்பட்டார். அந்நடுவருக்கு இடப்பட்ட பெயர் ஆராயத்தக்கது. 1962 டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட மன்செஸ்ரர் அற்லஸ் கணனியில் அச்செய்நிரல் ‘மேற்பார்வையாளர்’ எனப்பட்டது. ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் 600 வரிசைப் பொறிகளில் இரு நிலைகளும் ‘எசமான் நிலை’, ‘அடிமை நிலை’ என்றே அழைக்கப்பட்டன. தொழிற்சாலையினதும் தோட்டத்தினதும் சொற்கள் பொறியின் உள்ளே குடியேறியமை தற்செயலானதன்று. அதிகாரத்தைக் கட்டமைக்க முனைந்தவர்களுக்குக் கைக்கெட்டிய சொற்கள், தாம் வாழ்ந்த சமூகத்தின் அதிகார உறவுகளிலிருந்தே கிடைத்தன.

சூழமைவைக் காக்கும் முறையிலும் இக்காலத்தில் இருவேறு போக்குகள் உருவாகின. அற்லஸ் முதலாவது போக்குக்கு எடுத்துக்காட்டு. அதில் சாதாரணச் செய்நிரலுக்கும், பொறியிலேயே நிலையாக அமைந்த துணை நடைமுறைகளுக்கும், குறுக்கீட்டுக்குமென மூன்று தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் இருந்தன. ஒவ்வொரு நிலைக்கும் தனி இருக்கை உண்டாயின் எவரையும் எழுப்பவேண்டியதில்லை. இது விரைவானது, ஆனால் வன்பொருட் செலவை மிகுவிப்பது. இரண்டாவது போக்கை ஐ.பீ.எம். நிறுவனம் 1964 ஏப்பிரல் 7இல் அறிவித்த சிஸ்ரம்/360 வரிசையிற் காணலாம். அதில் 64 பிற்றுக்களைக் கொண்ட செய்நிரல் நிலைமைச் சொல் ஒன்று இருந்தது. குறுக்கீடு நிகழ்ந்ததும் பழைய நிலைமைச் சொல்லை வன்பொருள் நினைவகத்தில் ஒரு குறித்த இடத்தில் வைத்துவிட்டு, வேறொரு குறித்த இடத்திலிருந்து புதியதை எடுத்துக்கொள்ளும். குறுக்கீடுகள் ஐந்து வகையாக வகுக்கப்பட்டன. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. ஆனால் வன்பொருளின் பொறுப்பு அவ்வளவே. 16 பொதுப் பதிவகங்களையும் சேமிக்கும் பொறுப்பு மேற்பார்வைச் செய்நிரலுக்கு விடப்பட்டது.

இவ்வேலைப் பிரிவினை பின்னைய வரலாற்றுக்கு அடிப்படையாயமைந்தது. வன்பொருள் தவிர்க்கமுடியாத சிறுபகுதியை மாத்திரம் காக்கும். எஞ்சியவற்றை அதிகாரம் மிக்க மென்பொருள் காக்கவேண்டும். காப்பவர் தம் கடமையை மறப்பின் என்னவாகும் என்ற வினா இங்கேயே கருக்கொண்டுவிட்டது. இவ்வரிசையில் மேலதிகார நிலை ‘மேற்பார்வையாளர் நிலை’ எனவும், பயனாளரின் செய்நிரல் இயங்கும் நிலை ‘பிரச்சினை நிலை’ எனவும் பெயர் பெற்றன. தீர்க்கவேண்டிய கணக்கையே ‘பிரச்சினை’ என்ற சொல் கருதியது. ஆயினும் உழைப்பு நிகழுமிடம் பிரச்சினையெனவும் ஆட்சி நிகழுமிடம் மேற்பார்வையெனவும் பெயர் பெற்றமை, அதனை நிர்வாகத்தின் கண்கொண்டு நோக்குவோருக்கு இயல்பாகவே பட்டிருக்கும்.

3

பெல் ஆய்வுகூடத்தில் தொம்சனும் றிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அதன் மூலநிரலில், ஒரு செய்முறையின் சூழமைவை விட்டு மற்றொன்றின் சூழமைவுக்குத் தாவும் இடத்தில், இதனை வாசகர் விளங்கிக்கொள்ள எதிர்பார்க்கப்படவில்லை என்ற கருத்துப்பட ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அக்குறிப்பு பலராலும் ஆணவத்தின் வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டது. தேர்வில் இப்பகுதி வராது என்று ஆசிரியர் மாணவருக்குச் சொல்வது போன்றே தாம் எழுதியதாகவும், உண்மையில் தமக்கும் அது முழுமையாக விளங்கியிருக்கவில்லை என்றும் றிச்சி பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு நடைமுறை சேமித்த சூழமைவை வேறொரு நடைமுறை மீட்ட விதம், அன்றைய பொறியினதும் மொழிமாற்றியினதும் தனி இயல்பில் தங்கியிருந்தது. முறைமையை வேறு பொறிக்குக் கொண்டுசென்றபோது அது பயன்படாது போயிற்று. சூழமைவைக் காக்கும் கலையில் வல்லுநரும் தாம் நம்பியிருந்த அடிப்படையை முழுதும் அறியாதிருந்தனர் என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம்.

அம்மூலநிரலைப் பல்கலைக்கழக மாணவருக்கு வரிவரியாக விளக்கி, அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜோன் லயன்ஸ் எழுதிய உரையின் கதையும் இங்கு இணைத்து நோக்கற்பாலது. உரை என்ற இலக்கிய வகையை நன்கறிந்த தமிழ் வாசகருக்கு அம்முயற்சியின் அருமையை விளக்கவேண்டியதில்லை. மூலத்தை முன்வைத்து, ஐயம் எழும் இடங்களை எடுத்துக்கூறி விடுவிக்கும் பணி அது. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள் மூலநிரலை வகுப்பறையிற் கற்பிப்பதைத் தடைசெய்தன. லயன்ஸின் உரை படிமேற்படியாக ஒளிப்பிரதி எடுக்கப்பட்டு மாணவரிடையே மறைவாக உலவியது; 1996இலேயே வெளிப்படையாக நூலுருப் பெற்றது. தொழினுட்ப அறிவு சரக்காக மாறியபோது, அதனை விளக்கும் உரையும் தடைக்குள்ளாயிற்று. சூழமைவு எங்கே, எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்ற அறிவே சொத்தாகிவிட்டது.

4

இதுவரை நாம் கண்ட மேற்பார்வையாளர் பணிசெயல் முறைமையின் பகுதியாயிருந்தார். 1990இல் இன்ரெல் நிறுவனம் மடிக்கணனிகளுக்கென வெளியிட்ட 386எஸ்எல் முறைவழியாக்கியுடன், பணிசெயல் முறைமைக்கும் கீழே ஒரு நிலை தோன்றியது. மின்கலத்தின் சக்தியைச் சிக்கனப்படுத்தவேண்டும். ஆனால் பணிசெயல் முறைமை அதனை அறியவேண்டியதில்லை. இத்தேவைக்கென ‘முறைமை முகாமை நிலை’ வகுக்கப்பட்டது. தனிவகைக் குறுக்கீடு ஒன்று வந்ததும் வன்பொருள் சூழமைவைத் தனி நினைவகத்திற் சேமித்து, பொறியுடன் வரும் நிலைப்பொருளிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். வேலை முடிந்ததும் மீட்சிக்கென்றே அமைந்த ஓர் அறிவுறுத்தல் அனைத்தையும் பழையபடி வைக்கும். பணிசெயல் முறைமை இடையில் உறங்கியதை அறியாது. அக்குறுக்கீட்டைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கில்லை.

டைக்ஸ்ராவின் காலத்தில், குறுக்கிடப்பட்டவர் அதனை உணராதிருத்தல் சரிநுட்பத்தின் அடையாளமாயிருந்தது. இங்கு அதே பண்பு மறைவான அதிகாரத்தின் கருவியாக மாறியுள்ளது. ஒரு பண்பு, தான் இயங்கும் உறவுகள் மாறும்போது தன் எதிர்நிலையை அடைவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும். 2006இல் பிரெஞ்சு ஆய்வாளர் லோயிக் டுஃப்லோ, அத்தனி நினைவகம் பூட்டப்படாத பொறிகளில் அதனுள் தமது நிரலைப் புகுத்தி, ஓப்பன் பீஎஸ்டி பணிசெயல் முறைமையின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டை மீறிக் காட்டினார். மேற்பார்வையாளருக்கும் மேலான இடத்தை அமைத்தவர்கள், அவ்விடத்தைக் கைப்பற்றுபவர் யாவற்றையும் கைப்பற்றுவார் என்பதைப் போதியளவு கருத்திற் கொள்ளவில்லை.

5

கைத்தொலைபேசிகளிற் பெருவழக்காயுள்ள ஆர்ம் முறைவழியாக்கிகளில் இப்போக்கு இன்னொரு வடிவம் பெற்றது. ‘ட்ரஸ்ற் சோன்’ என்ற பெயரில் 2000களின் முற்பகுதியில் அறிமுகமான அமைப்பு, ஒரே முறைவழியாக்கியைச் சாதாரண உலகம், பாதுகாப்பு உலகம் என இரண்டாகப் பகுத்தது. சாதாரண உலகில் நாம் அறிந்த பணிசெயல் முறைமை இயங்கும். பாதுகாப்பு உலகில் மறைகுறிச் சாவிகளும் விரலடையாளமும் கட்டண அனுமதிகளும் பேணப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, இரண்டுக்கும் மேலான கண்காணிப்பு நிலைப்பொருளின் வாயிலைக் கடக்கவேண்டும்.

2011இல் அறிவிக்கப்பட்ட 64 பிற்று ஆர்ம் கட்டமைப்பில் இவ்வாயில் மூன்றாம் விதிவிலக்கு மட்டம் எனப்படுகிறது. சாதாரண உலகம் அழைப்பு அறிவுறுத்தலை விடுத்ததும், வன்பொருள் திரும்பவேண்டிய முகவரியையும் நிலைமைச் சொல்லையும் மாத்திரம் இரு பதிவகங்களில் வைத்துக்கொள்கிறது. எஞ்சிய 31 பொதுப் பதிவகங்களும், அதாவது 248 பைற்றுக்கள், நிலைப்பொருளாலேயே சேமிக்கப்படவேண்டும். முன்னைய 32 பிற்றுக் கட்டமைப்பில் முறைமைக் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் பலவற்றுக்கு இரு உலகங்களுக்கும் தனித்தனிப் பிரதிகள் இருந்தன. 64 பிற்று நிலையில் அவை ஒன்றாயின. அற்லஸின் வழி கைவிடப்பட்டு, சிஸ்ரம்/360இன் வழி மேலோங்கியது எனலாம். ஆகவே நிலைப்பொருள் ஓர் உலகத்தின் கட்டுப்பாட்டுப் பதிவகங்களையும் சேமித்து, மற்ற உலகத்தினுடையவற்றை மீட்டு, எவ்வுலகம் என்பதைக் குறிக்கும் ஒற்றைப் பிற்றை மாற்றிய பின்னரே வெளியேறவேண்டும்.

இவ்வேலையைச் செய்யும் நிலைப்பொருளொன்றை ஆர்ம் நிறுவனம் 2013இல் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. அதன் குறைபாடுகளும் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் இரண்டு எமது ஆய்வுக்குப் பெரிதும் உதவுவன. 2017இல் அறிவிக்கப்பட்டது, செயற்றிறன் அளவீட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு பதிவகம் சேமித்து மீட்கப்படாமை பற்றியது. அதனால் பாதுகாப்பு உலகம் ஒரு வேலைக்கு எடுத்த நேரத்தைச் சாதாரண உலகம் அளந்தறிய வாய்ப்பிருந்தது. 2018இல் அறிவிக்கப்பட்டது இன்னும் எளிமையானது. அழைப்பின் விடை முதல் நான்கு பதிவகங்களிலேயே வருமாதலின், உள்நுழையும்போது அந்நான்கையும் சேமிக்கவேண்டியதில்லை எனக் கருதப்பட்டது. ஆனால் எல்லா அழைப்புகளும் நான்கு விடைகளைத் தருவதில்லை. விடை எழுதப்படாத இடத்தில் முன்னொருவரின் அழைப்புக்குரிய மதிப்பு எஞ்சியிருந்தது; மீட்கும்போது அது பின்வந்தவர் கையிற் சேர்ந்தது. நான்கு பதிவகங்களையும் நுழைவிலேயே சேமிப்பதே இதற்குப் பரிகாரமாயிற்று.

அதே 2018 யூனில், இன்ரெல் முறைவழியாக்கிகளில் மிதப்புத்தான எண் பதிவகங்களை உடனே மாற்றாது, தேவைப்படும்வரை ஒத்திப்போடும் நெடுங்கால வழக்கம் ஆபத்தானதெனத் தெரியவந்தது. எடுத்துச் செல்லப்படாது கிடந்த முன்னையவரின் மதிப்புகளை, முறைவழியாக்கி ஊகித்துச் செய்யும் முன்னோட்டக் கணிப்பின் வழியாகப் பின்னையவர் அறியக்கூடியதாயிருந்தது. மறைகுறியாக்கத்துக்கான அறிவுறுத்தல்கள் பயன்படுத்துவதும் இத்தொகுதிப் பதிவகங்களையே என்பதால், கசிவது சாவியாகவும் இருக்கலாம்.

இம்மூன்று நிகழ்வுகளுக்கும் பொதுவானதொன்று உண்டு. எவையும் பூட்டை உடைத்தமையால் விளைந்தவையல்ல. சேமிக்கவேண்டியதில்லை, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற சிக்கனத்தால் விளைந்தவை. சில அறிவுறுத்தல்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் முயற்சி, கோடிக்கணக்கான முறை நிகழும் செயலில் இலாபமாகத் தோன்றுகிறது. அவ்விலாபம் வேகம் என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அதன் கேட்டை ஏற்பவர் பயனாளர். முதற்குறுக்கீட்டைத் தோற்றுவித்த அதே சிக்கனம், இங்கு தன் படைப்பையே அரிக்கிறது.

6

இறுதியாக, பாதுகாப்பு யாருக்கு என்ற வினாவுக்கு வருவோம். பாதுகாப்பு உலகம் பொய்யானது என்று கூறுவது எமது நோக்கமன்று. தொலைபேசி களவு போனால் அதன் உரிமையாளரின் விரலடையாளத்தையும் வங்கிச் சாவியையும் காப்பது அதுவே. ஆனால் அதே உலகம், திரைப்படத்தையும் இசையையும் வாடகைக்கு விடும் நிறுவனங்களின் சாவிகளை, விலைகொடுத்துப் பொறியை வாங்கியவரிடமிருந்தே மறைத்து வைக்கவும் பயன்படுகிறது. பெரும்பாலான தொலைபேசிகளில் அதனுள் இயங்குவது என்ன என்பதைப் பார்க்கவோ மாற்றவோ உடைமையாளருக்கு வழியில்லை. பொறி ஒருவருடைய கையில். அதன் ஆழ்நிலை அதிகாரம் இன்னொருவருடைய கையில். உடைமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான இப்பிளவை வன்பொருளிலேயே பதித்தமை, 1960களின் நேரப் பகிர்வுக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடாகும். அன்று மேற்பார்வையாளர் பயனாளரை ஒருவரிடமிருந்து மற்றவரைக் காத்தார். இன்று அவர் பொறியின் உடைமையாளரையும் ஐயத்துக்குரியவராகக் கொள்கிறார்.

இப்போக்குக்கு எதிர்ப்போக்கும் தோன்றாமலில்லை. வாடகைக் கணனிச் சேவைகளில், மேற்பார்வையாளரே நம்பத்தகாதவர் என்ற எண்ணத்தில், வாடகையாளரின் சூழமைவை அவருக்கும் தெரியாதவாறு மறைகுறியாக்கிச் சேமிக்கும் முறைகள் உருவாகியுள்ளன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதலமைப்பு நினைவகத்தை மறைகுறியாக்கியபோதும் பதிவகங்களை விட்டுவைத்தது. அக்குறையை நீக்கப் பின்னர் பதிவகங்களும் அவ்வாறே காக்கப்பட்டன. மேற்பார்வையாளர் சூழமைவை ஏந்துவார், ஆனால் படிக்கமாட்டார். எனினும் இங்கும் நம்பிக்கை பொறியை ஆக்கிய நிறுவனத்திலேயே தங்கியுள்ளது என்பதை மறத்தல் ஆகாது.

எமது நாட்டில் உயர்தர வகுப்பு மாணவர் சூழமைவு மாற்றத்தை ஒரு படவிளக்கமாகக் கற்கின்றனர். அப்படத்திலுள்ள அம்புக்குறிகள் சரியானவை. ஆனால் அவற்றுள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மற்றொருவருடைய உடைமையைத் தற்காலிகமாக ஏந்துவதைக் குறிக்கின்றது என்பதையும், ஏந்துபவர் யாருக்குப் பொறுப்புக் கூறுகிறார் என்பது பொறியியலால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதன்று என்பதையும் அவர்கள் சேர்த்துக் கற்கவேண்டும். 2018ஆம் ஆண்டுக் குறைபாட்டை நாம் அறிந்ததும், அது திருத்தப்பட்டதும், அந்நிலைப்பொருளின் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாய் இருந்த காலத்திலேயே என்பதை நினைவிற் கொள்ளல் தகும். மூடிய நிலைப்பொருள்களில் எத்தனை பதிவகங்கள் சேமிக்கப்படாது விடப்பட்டுள்ளன என்பதை, அவற்றை எழுதியவரன்றிப் பிறர் இலகுவில் அறிய முடியாது. ஆகவே மூலநிரலைப் படிக்கும் உரிமைக்கான கோரிக்கை, தொழினுட்ப வல்லுநரின் தனிப்பட்ட விருப்பம் அன்று. லயன்ஸின் உரையை ஒளிப்பிரதி எடுத்துக் கற்ற மாணவர் தொடங்கிவைத்த சனநாயகக் கோரிக்கையின் தொடர்ச்சியாகும்.